கதவு, காற்று, கரை, கரண்டி, காசு

"லீவுக்குக் கரீபியன் தீவு போறோம்" என்று பிராஞ்சில் சொன்னால் வருகிற முதல் கேள்வி, "க்ரூஸ் கப்பலா சார்?". இரண்டாவது கேள்வி, "எவ்ளோ ஆகும்?". எந்தத் தீவு என்று மட்டும் இன்றைய தேதி வரைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை. கரீபியன் என்பது ஏதோ கோவா மாதிரி ஒரே ஊர் என்று நினைப்பு.

அது ஒரு ஊர் இல்லை மக்களே. வடமேற்கில் கியூபாவில் ஆரம்பித்து தென்கிழக்கில் டிரினிடாட் வரைக்கும் வில் மாதிரி வளைந்து கிடக்கிற தீவுக்கூட்டம். தனி நாடுகளே 13. மிச்சமெல்லாம் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து என்று நாலு பேர் கையில். ஒரு தீவில் ஸ்பானிஷ், அடுத்ததில் பிரெஞ்சு, அதற்கடுத்ததில் டச்சு. ஒரு இடத்தில் நம்ம மாதிரி இடதுபக்கம் வண்டி ஓட்டுகிறார்கள், இன்னொரு இடத்தில் வலதுபக்கம். பீச் போட்டோவை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். நீலத் தண்ணீர், வெள்ளை மணல், சாய்ந்த ஒரு தென்னை மரம். அதை வைத்து முடிவெடுப்பது, கட்டடத்தின் போட்டோவைப் பார்த்து ஹோம் லோன் சாங்ஷன் செய்கிற மாதிரி.

நாக்பூரில் இருக்கும் ஒரு சாதாரண பேங்க் ஆபீசருக்கு எதற்கு கரீபியன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாட்டுக்கு நடுமத்தியில், ஜீரோ மைல் கல் பக்கத்தில் குடியிருக்கிறோம். எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம்தான். அதற்காக அட்லாண்டிக் வரைக்கும் போக வேண்டியதில்லை, அந்தமானே இருக்கிறது. காரணம் என் தங்கை.

அவள் அட்லாண்டாவில் இருக்கிறாள். எச்-1பி. கிரீன் கார்டு வரிசையில் நின்று வருஷக்கணக்காகிறது. வேலை வழியாக வரும் கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம்தான் என்ற உச்சவரம்பில், இந்தியாவின் வரிசை எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. அவளுடைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசா ஸ்டாம்ப் 2021லேயே காலாவதி. அங்கே வசிப்பதற்கும் வேலை செய்வதற்கும் அது தடையில்லை, அதற்கான ஒப்புதல் கடிதம் தனியாக இருக்கிறது. ஆனால் நாட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போகப் புது ஸ்டாம்ப் வேண்டும். கணக்கு உயிரோடு இருக்கிறது, ஏடிஎம் கார்டு மட்டும் எக்ஸ்பைரி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 டிசம்பரில் இந்தியாவுக்கு ஸ்டாம்பிங்குக்காக வந்த பலருக்கு இன்டர்வியூ தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போய், வீடும் வேலையும் அங்கே, ஆள் மட்டும் இங்கே என்று ஆனதைப் படித்திருப்பீர்கள்.

2023 ஐப்பசியில் அப்பா போனார். தங்கை வரவில்லை. "வராதே, திரும்பிப் போக முடியாம போச்சுன்னா குழந்தைங்க கதி என்ன?" என்று போனில் சொன்னது அம்மாதான். பூம்புகாரில் காவிரி கடலில் சேருகிற இடத்தில் அஸ்தி கரைத்தபோது, என் பையன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் அவளுக்கு ராத்திரி. சிக்னல் பாதியில் போய்விட்டது.

அதற்கப்புறம் அம்மாவிடம் ஒரே பேச்சு. "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை கடல்ல கால் நனைக்கணும். எந்தக் கடலா இருந்தா என்ன, எல்லாம் ஒரே தண்ணிதானே." அம்மாவின் அமெரிக்க விசா 2017ல் எடுத்தது, பத்து வருஷம், 2027ல் முடிகிறது. அம்மாவுக்கு வயசு 71, முட்டி வலி தனி. எங்கள் நாலு பேருக்கும் போன வருஷம் விசா கிடைத்தது. சரி, அட்லாண்டாவுக்கே போய்விட்டு வரலாமே என்றால், அங்கே கடல் கிடையாது. அதோடு, தங்கை வீட்டில் போய் இறங்கினால் அவள் ஆபீஸ் போய்க்கொண்டே பத்து பேருக்குச் சமைத்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பெயர் விடுமுறை இல்லை.

ஆக, தீவு. எந்தத் தீவு? மூன்று வாரம் எக்செல் ஷீட்டும் கையுமாக உட்கார்ந்தேன். தங்கமணி பார்த்துவிட்டு, "லோன் அப்ளிகேஷனா, டூரா?" என்றாள். இரண்டும்தான். ஐந்து காலம் போட்டேன். கதவு, காற்று, கரை, கரண்டி, காசு. உங்களில் யாராவது இந்த மாதிரி பிளான் வைத்திருந்தால் உதவும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

கதவு

முதல் ஓட்டு என் பையனுடையது: பார்படாஸ். 2024 ஜூன் 29ந் தேதி கென்சிங்டன் ஓவலில் நாம் டி20 உலகக் கோப்பை ஜெயித்தோமே, அந்த ஊர். சூர்யகுமார் கேட்ச் பிடித்த பவுண்டரி கயிறு பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டுமாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. தங்கமணி ஓட்டு அருபா. டச்சுக்காரர்களுடையது. அமெரிக்க விசா கையில் இருந்தால் உள்ளே விட்டுவிடுவார்கள்.

என் ஆசை வேறு. குவாதலூப். பிரெஞ்சுத் தீவு. 1854லிலிருந்து கரும்புத் தோட்டத்துக்காகப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோன இடம். கபெஸ்தேர் என்ற ஊரில் கோபுரத்தோடு கோவில் இருக்கிறது, மாரியம்மன் வழிபாடு இன்னும் நடக்கிறது. மசாலாப் பொடி போட்டு வைக்கிற குழம்புக்கு அங்கே 'கொலம்போ' என்று பெயர். இந்த வம்சாவளிக்குக் குடியுரிமை வேண்டும் என்று வருஷக்கணக்காகப் போராடியவர் பெயர் ஹென்றி சிதம்பரம். 1923ல் அது கிடைத்தது. போகாமல் இருக்க முடியுமா என்று தோன்றுகிறது அல்லவா? ஆனால் குவாதலூப் பிரான்ஸின் பகுதியே தவிர ஷெங்கன் எல்லைக்குள் வராது. சாதா ஷெங்கன் விசா செல்லாது, தனியாக அந்தப் பகுதிக்கென்று எடுக்க வேண்டும்.

இதெல்லாம் எங்களுக்கு. தங்கைக்கு? பார்படாஸ், அருபா, குவாதலூப் எது போனாலும் அமெரிக்காவை விட்டு வெளியேறிய கணக்குதான். ஸ்டாம்ப் இல்லாமல் திரும்ப முடியாது. மூன்றும் ஒரே கோட்டில் அடிபட்டன. பையன் மூஞ்சி தொங்கிவிட்டது.

"மெக்ஸிகோவுக்கு ஒரு சலுகை உண்டே?" என்றார் ஆபீஸ் நண்பர். உண்டு. கனடாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் முப்பது நாளுக்குள் போய்த் திரும்பினால் காலாவதியான ஸ்டாம்போடு உள்ளே வர விதி இருக்கிறது. கான்கூன் கடற்கரை கரீபியன் கடலைத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இல்லாத இந்தியருக்கு மெக்ஸிகோவே விசா கேட்கும். இந்தக் கதவு திறந்திருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கிறது. தவிர, மாப்பிள்ளை சொன்னது: "விதி இருக்கு மச்சான். ஏர்லைன் கவுன்டர்ல நிக்கற பையனுக்கு அது தெரியணுமே."

மிச்சம் இருப்பவை அமெரிக்கக் கொடி பறக்கிற தீவுகள்: விர்ஜின் ஐலண்ட்ஸும் பியூர்ட்டோ ரிக்கோவும். விர்ஜின் ஐலண்ட்ஸில் செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் என்று மூன்று பெரிய தீவுகள். செயின்ட் ஜானில் பாதிக்கு மேல் தேசியப் பூங்கா. செயின்ட் தாமஸின் மேகன்ஸ் பே அலையே இல்லாத விரிகுடா. அதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. 1917 வரைக்கும் அது டென்மார்க்கின் சொத்து. அம்மா பிறந்தது பொறையாரில், எட்டி நடந்தால் தரங்கம்பாடி. அங்கே கடலோரமாக நிற்கிற டேனிஷ் கோட்டையின் தம்பி ஒருவன் செயின்ட் தாமஸ் துறைமுகத்திலும் நிற்கிறான். தரங்கம்பாடியையும் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் 1845ல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்ற அதே டென்மார்க், இந்தத் தீவுகளை 1917ல் இரண்டரைக் கோடி டாலர் தங்கத்துக்கு அமெரிக்காவிடம் விற்றது. பேங்க் ஆசாமிக்கு இதைவிட சுவாரசியமான பேலன்ஸ் ஷீட் கிடைக்குமா? அம்மாவிடம் ஆர்வமாகச் சொன்னேன். "நம்ம ஊர்க் கோட்டைக்கு உள்ளேயே நான் போனதில்லைடா. இதுக்கு அவ்ளோ தூரம் போய் இன்னொரு கோட்டையா?" என்றார்.

அது போகட்டும். செயின்ட் தாமஸில் ஒரு சிக்கல். அமெரிக்க மண்தான். ஆனால் அதன் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கும் மண். அதனால் அங்கிருந்து அட்லாண்டாவுக்கு விமானம் ஏறும் முன் சுங்க, குடியேற்ற அதிகாரிகளின் கவுன்டரைத் தாண்ட வேண்டும். நாட்டை விட்டு வெளியேறியதாகக் கணக்கில்லை, பேப்பர் சரியாக இருந்தால் விட்டுவிடுவார்கள். தங்கையின் பேப்பர் அத்தனையும் சரியாகவே இருக்கிறது. ஷீட்டில் செயின்ட் தாமஸுக்குத்தான் அதிக மார்க். ராத்திரி போன் போட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, எனக்கு எந்தக் கவுன்டரும் இல்லாத ஊரா பாரேன். அம்மாவை பக்கத்துல வெச்சுக்கிட்டு அந்த லைன்ல நிக்க முடியாது என்னால."

அவ்வளவுதான். பியூர்ட்டோ ரிக்கோ. 1898ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவுக்கு வந்த தீவு. அட்லாண்டாவிலிருந்து சான் ஹுவானுக்கு நாலு மணி நேரத்துக்கும் குறைவு, சாதாரண உள்நாட்டு விமானம். திரும்பும்போது பெட்டியை விவசாயத் துறையின் ஸ்கேனரில் விட வேண்டும். பழம், செடி, பூச்சி வேறு நிலத்துக்குப் போகக்கூடாது என்பதற்காக. இருந்தாலும் தங்கையும் மாப்பிள்ளையும் பாஸ்போர்ட், ஒப்புதல் கடிதம், ஐ-94 மூன்றையும் கையோடு வைத்துக்கொள்வார்கள். அவர்கள் நிலையில் இருப்பவர்கள் எங்கே போனாலும் வைத்திருப்பது நல்லது.

காற்று

கரீபியன் புயல் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை உச்சம். 2024ல் கோப்பையை ஜெயித்த நம்ம டீமே பெரில் புயலால் பார்படாஸ் ஹோட்டலில் முடங்கிக் கிடந்தது ஞாபகம் இருக்கும். அது ஜூலை ஆரம்பத்திலேயே வந்த புயல். அருபா மாதிரி தெற்கே வெனிசுவேலாவை ஒட்டி இருக்கிற தீவுகள் பெரும்பாலும் புயல் பாதைக்கு வெளியே. அங்கே எப்போது வேண்டுமானாலும் போகலாம். மற்ற தீவுகளுக்கு மாதம் முக்கியம்.

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரைக்கும் குளிருக்குப் பயந்து வடக்கத்தி அமெரிக்கர்கள் எல்லாரும் இறங்கிவிடுவார்கள், வாடகை எகிறும். அதற்கப்புறம் இறங்கும். எங்கள் விதர்பா பள்ளிகள் வெயிலுக்காக ஜூன் கடைசியில்தான் திறக்கும். அட்லாண்டா பக்கம் மே கடைசி வாரத்தில் பள்ளி மூடுகிறார்கள். இரண்டு காலண்டரையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் மே கடைசியும் ஜூன் முதல் வாரமும்தான் இடைவெளி. புயல் சீசனுக்கு வாசற்படி. ரிஸ்க் உண்டு, குறைவு. ரத்து செய்தால் பணம் திரும்பும் வீடாக எடுத்திருக்கிறேன். பத்து டாலர் அதிகம், பரவாயில்லை.

கரை

2004 சுனாமியில் தரங்கம்பாடி பட்ட பாடு தெரிந்ததுதான். அதிலிருந்து அம்மா அலை பக்கம் போவதில்லை. ஆகவே அலை இல்லாத கரை வேண்டும். இங்கே ஒரு பொது விதி சொல்கிறேன், எந்தக் கரீபியன் தீவுக்கும் பொருந்தும். அங்கே காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். கிழக்குக் கரையில் அலை அதிகம், மேற்குக் கரை அமைதி. பார்படாஸை எடுத்துக்கொண்டால் கிழக்கே பாத்ஷீபாவில் அலைச்சறுக்கு விளையாடுகிறார்கள், மேற்கே குழந்தைகள் குளிக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் கடல்பாசி. சர்காஸம் என்று பழுப்பு நிறப் பாசி 2011லிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து கரை ஒதுங்குகிறது. வசந்தத்திலும் கோடையிலும் அதிகம். 2025 மே மாதத்தில் அதுவரை இல்லாத அளவுக்கு மிதந்தது. கரையில் கிடந்து அழுகினால் முட்டை அழுகின நாற்றம். இதுவும் கிழக்கு, தெற்குக் கரைகளைத்தான் முதலில் பிடிக்கும். ஹோட்டல் போட்டோவில் பாசியைக் காட்டமாட்டார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, பியூர்ட்டோ ரிக்கோவின் மேற்குப் பக்கம் தேடினேன். தென்மேற்கு மூலையில் காபோ ரோஹோவில் போகெரோன் என்றொரு விரிகுடா. ஆழமில்லாத கரை. அரசே நடத்தும் குளியல் கரை, கார் நிறுத்த இடம், கழிப்பறை எல்லாம் உண்டு. சான் ஹுவானிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். இதனாலேயே கூட்டம் குறைவு. பக்கத்தில் உப்பளம், வேதாரண்யம் பார்த்தவர்களுக்குப் புதிதில்லை, ஆனால் தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருக்குமாம். லா பார்கேராவில் ராத்திரி தண்ணீரைக் கையால் அளைந்தால் நீலமாக மின்னும் ஒரு விரிகுடா. அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும். அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "நீ புக் பண்ணின தேதியில பௌர்ணமி" என்றார். சரி, நிலா பார்ப்போம்.

கரண்டி

அம்மா சுத்த சைவம். பியூர்ட்டோ ரிக்கோவில் சைவம் என்பது கொஞ்சம் வேலை. மொஃபோங்கோ என்று வாழைக்காயைப் பொரித்து இடித்து உருட்டுவார்கள், கேட்கவே நன்றாக இருக்கிறது. அதில் பன்றித்தோல் வறுவலையும் சேர்த்து இடிப்பது வழக்கம். சாதமும் பீன்ஸும் என்று தட்டில் வருவதிலும் இறைச்சித் துண்டு போட்டிருப்பார்கள். போகெரோனில் தெருவோரம் விற்பது பச்சைச் சிப்பி! பச்சை வாழைக்காயை நசுக்கி இரண்டு தடவை பொரிக்கிற தோஸ்தோனஸ் ஒன்றுதான் பயமில்லாமல் கேட்கலாம் போலிருக்கிறது. எனவே அடுப்படி உள்ள வீடு. அரிசி, பருப்பு, சாம்பார் பொடி, குக்கர் எல்லாம் தங்கை அட்லாண்டாவிலிருந்து கொண்டு வருகிறாள். சமையல் ஆண்கள் முறை என்று இப்போதே அக்ரிமென்ட் போட்டாகிவிட்டது.

வீடு பார்க்கும்போது ஜெனரேட்டர் அல்லது பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். 2024 டிசம்பர் 31லும் 2025 ஏப்ரல் 16லும் தீவின் பெரும்பகுதி இருட்டில் கிடந்தது. 2017ல் மரியா புயலுக்கு அப்புறம் அந்த ஊர் மின்சாரம் சரியாகத் தேறவே இல்லை. இன்வெர்ட்டரோடு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டாம்.

காசு

முதல் உண்மை: எல்எஃப்சி இதற்கு உதவாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு வரிவிலக்கு கிடையாது என்று 2022 நவம்பரில் உச்சநீதிமன்றமே தீர்த்துச் சொல்லிவிட்டது, அதுவும் ஒரு பேங்க் வழக்கில். கைக்காசுதான். அலுவலகத்தில் வெளிநாடு போக அனுமதிக் கடிதம் வாங்க மறக்காதீர்கள். டூர் ஏஜென்ட் மூலமாக வெளிநாட்டுப் பேக்கேஜ் எடுத்தால் டிசிஎஸ் பிடிப்பார்கள். அது செலவு இல்லை, 26ஏஎஸ்-இல் வரும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நாலு பேருக்கு அந்தப் பணம் அதுவரைக்கும் முடங்கும்.

எங்கள் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இந்தியாவிலிருந்து அட்லாண்டா போய்வரும் டிக்கெட்தான். தீவில் ஆகும் செலவு அதைவிடக் குறைவு. பத்து பேர், ஒரே வீடு, இரண்டு கார், வீட்டுச் சாப்பாடு என்று வகுத்தால் தலைக்கு வருவது கோவாவின் நல்ல ரிசார்ட் கணக்குதான். டாலர்தான் நாணயம், அதனால் ஃபாரெக்ஸ் கார்டில் இரட்டை மாற்று நஷ்டம் இல்லை. வாடகைக் காரில் ஒரு வேடிக்கை: அங்கே சாலைப் பலகையில் தூரம் கிலோமீட்டரில், வேக வரம்பு மைலில்! ஓட்டப்போவது மாப்பிள்ளை.

என் ஷீட்டை இப்போது எடுத்துப் பார்த்தால், மணலுக்கும் தண்ணீரின் நிறத்துக்கும் நான் காலமே போடவில்லை என்பது தெரிகிறது. போடவும் தேவையில்லை. நாலு வீடு சேர்ந்து போகும்போது, யாருக்குக் கதவு குறுகலோ அவரை முதல் வரியில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் தங்கை. உங்கள் வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் மாமனாராக இருக்கலாம், கைக்குழந்தையாக இருக்கலாம், லீவு கிடைக்காத மருமகளாக இருக்கலாம். அவருக்குப் பொருந்துகிற தீவு தானாகவே ஒன்றிரண்டுதான் மிஞ்சும். அதற்கப்புறம் போட்டோ பாருங்கள். பையனிடம் பார்படாஸ் கேன்சல் இல்லை, ஒத்திவைப்புதான் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கும் குவாதலூப் ஒத்திவைப்பு.

டிக்கெட் போட்டாகிவிட்டது. நேற்று அம்மாவிடம் வரைபடத்தை விரித்து, அந்தக் கரை மேற்கே பார்த்தது, அங்கே சூரியன் கடலில் அஸ்தமிக்கும் என்றேன். 71 வருஷமாக சூரியன் கடலிலிருந்து கிளம்பித்தான் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சாயங்காலமா போயிடலாம். வெயிலும் இருக்காது. அவளையும் சீக்கிரம் கிளம்பச் சொல்லு" என்றார்.

ஜூன் இரண்டாவது வாரம் நாக்பூர் திரும்புகிறோம். கரை எப்படி இருந்தது, பாசி இருந்ததா, தோஸ்தோனஸுக்கு சாம்பார் சேர்ந்ததா என்று வந்ததும் எழுதுகிறேன்.